மூடி மேல் நிற்கும் எருமை

ஊட்டி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? வர்க்கி, நீலகிரித் தைலம், ஹோம் மேட் சாக்லேட், படகு இல்லம், மலை ரயில்... சொல்லிக்கொண்டே போகலாம். மண்பாண்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கமர்ஷியல் ரோட்டில் வேண்டுமானால் இலை வடிவக் கிண்ணமும், ரோஜாப்பூ ஒட்டிய ஜாடியும் கிடைக்கும். "நேச்சர் டிசைன் சார், ஹேண்ட் மேட்" என்பார் கடைக்காரர். எந்த ஊர் நேச்சர் என்று கேட்டால் பதில் வராது!

ஆனால் இந்த மலையிலேயே பிறந்த, இந்த மலையின் விலங்குகளையே தலையில் சுமந்த ஒரு மண்பாண்ட வகை உண்டு. அதைப் பற்றியும், அதைப் பார்த்து நாமே ஒன்று செய்ய முடியுமா என்பது பற்றியும்தான் இந்தக் கட்டுரை. இதை எழுத இவனுக்கு என்ன தகுதி என்று முன் பெஞ்சில் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நான் சிவில் இரண்டாம் ஆண்டு. அம்மா வழியில் குயவர் வீடு; காரமடைப் பக்கம் என் அப்புச்சி இன்றும் சக்கரம் சுற்றுகிறார். பயிலகத்தில் மண்ணைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அப்புச்சி வீட்டில் மிதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து வந்த வினை இது.

கல் வட்டத்துக்குள் ஒரு மிருகக்காட்சி சாலை

நீலகிரிக் குன்றுகளின் உச்சியில் கல்லை வட்டமாக அடுக்கிய பழைய ஈமச் சின்னங்கள் பல உண்டு. சில, கிணற்றுக்குக் கட்டும் கைப்பிடிச் சுவர் போலவே இருக்கும். இவற்றைப் பற்றி 1847இல் காங்கிரீவ் என்ற ராணுவ கேப்டன் எழுதினார். பிறகு 1868இல் நீலகிரியின் முதல் கமிஷனராக வந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் பல இடங்களில் தோண்டிச் சேகரித்தார். அவர் 1872இல் இறந்துபோக, அவர் எழுதி வைத்ததை அவருடைய மனைவி 1873இல் நூலாகக் கொண்டுவந்தார். ஊட்டியில் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிறோமே பிரீக்ஸ் பள்ளி, அது இவர் பெயரால் அமைந்ததுதான்.

உள்ளே கிடைத்தவை இரும்பு ஆயுதங்கள், வெண்கலக் கிண்ணங்கள், தங்க நகைகள், மணிகள், கூடவே பானைகள். அந்தப் பானைகளைத்தான் கவனிக்க வேண்டும். உயரமானவை, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு வைத்தது போன்ற உடம்பு. மேலே குவிந்த மூடி. அந்த மூடியின் உச்சியில், நாம் சாதாரணமாகக் குமிழ் வைக்கும் இடத்தில், ஒரு விலங்கு நிற்கிறது! எருமை, ஆடு, மயில், சிறுத்தை, யானை, சிலவற்றில் மனிதர்கள், இன்னும் சிலவற்றில் என்ன ஜந்து என்றே சொல்ல முடியாத உருவங்கள். ஆதிச்சநல்லூர்த் தாழியைப் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் திகைப்பார்கள். அது வேறு உலகம், இது வேறு உலகம்.

பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், சென்னை அருங்காட்சியகத்தின் பழம்பொருள்களுக்கு 1901இல் வெளிவந்த பட்டியலில் இந்த நீலகிரி உருவங்களையும் விவரித்திருக்கிறார். எழும்பூரிலும், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இவை இருக்கின்றன. சென்னை போகிறவர்கள் அவசியம் பாருங்கள். போக முடியாதவர்கள் செல்போனிலாவது பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியம் தன் சேகரிப்பைப் படத்தோடு போட்டிருக்கிறது. நம் குன்றின் எருமையைப் பார்க்க லண்டன் பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இவற்றைச் செய்தவர்கள் தோடர்களின் முன்னோரா, வேறு மக்களா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே நூறு வருடத்துக்கும் மேலாக ஓடுகிறது. அதில் தீர்ப்பு சொல்ல நான் யார்? என் கண் போனது வேறு பக்கம். அந்தக் குயவர் எருமையை அப்படியே பிரதி எடுக்கவில்லை. கால்கள் குட்டை, தடிமன். முகம் பேருக்கு ஒரு பிதுக்கல். ஆனால் கொம்பு? அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மந்தில் நிற்கும் தோடர் எருமையைப் பாருங்கள். கொம்பு பக்கவாட்டில் விரிந்து பிறை நிலா மாதிரி வளையும். தூரத்தில் மூடுபனிக்குள் நிற்கும்போது உடம்பு தெரியாது, கொம்பு மட்டும் தெரியும். மூடி மேல் நிற்பது அந்த எருமைதான்.

இயற்கையைப் பார்த்துச் செய்வது என்றால் இலையைக் கொண்டுவந்து ஒட்டுவது அல்ல என்று எனக்குப் பட்டது இங்கேதான். எதை எடுப்பது, எதை விடுவது என்பதைக் கண் பாதி முடிவு செய்கிறது. மீதியை மண் முடிவு செய்கிறது. குட்டைக் கால் அழகுக்காக வைத்தது அல்ல என்பது என் கணிப்பு. மெல்லிய காலை வைத்துப் பாருங்கள், காய்வதற்குள் மடங்கிவிடும்.

மலை மண்ணுக்கு ஒட்டு உண்டா?

பானைக்கு முதல் தேவை ஒட்டும் மண். இந்த மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். அது மழையிலும் ஈரத்திலும் யுகக்கணக்காக இற்று வந்ததுதான் ரோடு வெட்டிய இடங்களில் நாம் பார்க்கும் செம்மண். இதில் கயோலினைட் என்ற களிமண் கனிமம் உண்டு. கூடவே கிப்சைட்டும் இரும்பு ஆக்சைடும் உண்டு. பின்னவை இரண்டுக்கும் ஒட்டும் குணம் கிடையாது. அதனால் பார்க்கக் களி மாதிரி இருக்கும், உருட்டினால் உதிரும்.

ஒரு கட்டட வேலையில் வெட்டிப் போட்ட செம்மண்ணை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு அப்புச்சியிடம் போனேன். அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீர் தொட்டு, உள்ளங்கையில் திரி மாதிரி உருட்டினார். பென்சில் தடிமன் வருவதற்குள் துண்டு துண்டாகப் போயிற்று.

"ஏங்கண்ணு, இதுல ஒட்டே இல்லையே? செங்கல்லுக்குக் கூட யோசிக்கோணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் சாயில் மெக்கானிக்ஸ் லேபில் கண்ணாடித் தட்டின் மேல் இதே வேலையைச் செய்திருந்தோம். மண்ணை 3 மில்லிமீட்டர் திரியாக உருட்ட வேண்டும். எந்த ஈரத்தில் அது அந்தத் தடிமனில் உடையத் தொடங்குகிறதோ அதுதான் அந்த மண்ணின் பிளாஸ்டிக் லிமிட். இதை அளவையாக்கியவர் சுவீடன் நாட்டு வேளாண் வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க், ஆண்டு 1911. நம் நாட்டில் ஐ.எஸ். 2720, பகுதி 5. ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி மார்க் வாங்கினோமே, அதுதான். அப்புச்சி ரெக்கார்டு எழுதியதில்லை. அவ்வளவே வித்தியாசம்.

சரி, மலையில் ஒட்டும் மண்ணே இல்லையா? இருக்கிறது. மேட்டில் இல்லை, பள்ளத்தில். மழைநீர் மேட்டு மண்ணிலிருந்து மிக நுண்ணிய துகள்களை அரித்துக்கொண்டு வந்து பள்ளத்தாக்கின் சதுப்பில் சேர்க்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரின் கேரட் தோட்டத்து ஓரத்தில், ஓடைக்குப் பக்கமாக முழங்கால் ஆழத்தில் கறுத்த களி இருந்தது. அதில் இலை தழை மக்கிய கறுப்பு அதிகம். அது சூளையில் எரிந்து போய்விடும். போன இடம் நுண்துளையாக நிற்கும். இந்தக் கறுப்புக் களியோடு செம்மண்ணைச் சலித்துக் கலந்தபோது திரி உடையாமல் வந்தது. நான் வைத்த அளவு கறுப்பு மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு, ஓடை மணல் அரைப் பங்கு. உங்கள் பள்ளத்துக்கு இது பொருந்தாது; திரி உருட்டிப் பார்த்து நீங்களே அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சமவெளியில் ஏரி, குளத்து வண்டலைக் குயவர்கள் கட்டணம் இல்லாமல் எடுக்கத் தாசில்தார் அனுமதி போதும் என்று 2024இல் தமிழக அரசு நடைமுறையைத் தளர்த்தியது. அப்புச்சிக்கு அதில் சந்தோஷம். மலையில் அந்த மாதிரி ஏரி எங்கே? ஊட்டி ஏரி இருக்கிறதே என்பீர்கள். அது 1824 வாக்கில் ஜான் சல்லிவன் ஓடையை மறித்துக் கட்டியது. அதன் அடி மண்ணைக் கையால் பிசைய எனக்குத் துணிச்சல் இல்லை, மன்னிக்கவும். சதுப்புகளோ காய்கறித் தோட்டமாகவும் கட்டடமாகவும் மாறிக்கொண்டே வருகின்றன. களி இருக்கும் இடமும் அதோடு மூடிப் போகிறது.

பெண்கள் வனையும் பானை

இந்த மண்ணை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த மலையிலேயே இருக்கிறார்கள். கோத்தர்கள். திருச்சிக்கடி, கொல்லிமலை, சோலூர் கோக்கால், கூடலூர் கோக்கால், குந்தா கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, புதுக்கோத்தகிரி என்று ஏழு ஊர் அவர்களுக்கு. கோத்தகிரி என்ற ஊர்ப் பெயரே கோத்தர் கேரி என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பழைய நாளில் இவர்கள்தான் மலை முழுவதற்கும் தொழிலாளிகள். ஆண்கள் இரும்பு, மர வேலை, இசை. பெண்கள் பானை. படுகர் தானியம் கொடுத்தார்கள், தோடர் நெய்யும் எருமையும் கொடுத்தார்கள், குறும்பர் காட்டுப் பொருள் கொடுத்தார்கள். கோத்தர் கருவியும் கலமும் கொடுத்தார்கள். பணம் நடமாடத் தொடங்கி, தேயிலை வந்து, சந்தை வந்து, அலுமினியமும் எவர்சில்வரும் வந்த பிறகு இந்தக் கொடுக்கல் வாங்கல் சுருங்கிப் போயிற்று. இன்று வனையத் தெரிந்த பெண்கள் கொஞ்சம் பேர்தான். சடங்குக்குப் பானை வேண்டும் என்பதால்தான் கை இன்னும் மறக்காமல் இருக்கிறது.

பெண்கள் வனைகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். இந்தியாவில் பெரும்பாலான குயவர் குடும்பங்களில் பெண் சக்கரத்தைத் தொடக் கூடாது. மண் மிதிப்பார்கள், தட்டுவார்கள், மெழுகுவார்கள், தலையில் சுமந்து விற்பார்கள். சக்கரம் மட்டும் ஆணுக்கு. மணிப்பூரில் தோங்ஜாவ் பெண்கள் சக்கரமே இல்லாமல் கையால் வனைகிறார்கள். அந்த ஊர் நீலமணி தேவிக்கு 2007இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கே கோத்தர் பெண்கள் சக்கரத்தையே சுற்றுகிறார்கள்.

இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். என் அம்மா பத்து வயதிலிருந்து அப்புச்சிக்கு மண் மிதித்தவர். தட்டுப்பலகை பிடித்தால் பானை சுவரில் ஒரு மேடு பள்ளம் இருக்காது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "அங்க பொம்பளைங்கதான் சுத்தறாங்களா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றார். ரெண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு அதையே மறுபடி கேட்டார்.

எருமை செய்யும் முறை

இனி செய்முறை. முதலில் மூடி. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, ஒரு விரல் கனத்துக்குத் தட்டிய களியை அதன் மேல் போட்டு அழுத்துங்கள். சக்கரம் தேவையில்லை. கொஞ்சம் இறுகி, தோல் மாதிரி ஆனதும் எடுத்துவிடலாம்.

எருமையின் உடம்பைக் கெட்டியாகச் செய்யாதீர்கள். பழைய பேப்பரைக் கோழிமுட்டை அளவு கசக்கி, அதைச் சுற்றிக் களியைப் போர்த்துங்கள். பேப்பர் சூளையில் எரிந்துவிடும். வயிற்றுக்கு அடியில் ஊசியால் கட்டாயம் ஒரு துளை போடுங்கள். உள்ளே இருக்கும் காற்றும் நீராவியும் வெளியே போக வழி வேண்டும். கால்கள் குட்டையாக நான்கு. கொம்புக்குக் களியை நீளமாக உருட்டி, நடுவில் தடிப்பும் இரு முனையில் மெலிவுமாக வையுங்கள். இரண்டு கொம்பைத் தனித்தனியாக ஒட்டுவதைவிட ஒரே திரியை வளைத்துத் தலைக்குப் பின்னால் பதிப்பது உறுதி. அம்மா சொல்லிக்கொடுத்த வழி இது. தாழிக்குக் கைப்பிடி வைப்பதும் இப்படித்தானாம்.

ஒட்டும் இடத்தில் இரு பக்கமும் கீறல் போட்டு, அதே களியைத் தண்ணீரில் கரைத்த குழம்பைத் தடவித்தான் ஒட்ட வேண்டும். வெறும் தண்ணீர் தடவினால் காயும்போது காலும் மூடியும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கிப் பிரிந்துவிடும். எவ்வளவு சுருங்கும் என்று தெரிய ஒரு வில்லை செய்து, ஈரத்தில் 10 சென்டிமீட்டர் கோடு கிழித்து வையுங்கள். காய்ந்த பிறகு அளந்தால் போதும். என் கலவையில் அது 9.3 ஆயிற்று. மணல் போடாத கறுப்புக் களியில் 8.9, அதில் விரிசலும் விட்டது.

இலைப் பதிவு வேண்டும் என்கிறவர்கள் பெரணி இலையை அடிப்பக்கம் பதிய அழுத்துங்கள். நரம்பு அப்படியே விழும். சோலையின் காட்டுப்பூவரசு இலையும் நன்றாக வரும், விழுந்த இலையாக எடுங்கள். தேயிலையைப் பதித்துக் கொண்டுவந்த நண்பனிடம் நான் சண்டை போட்டேன். அது இந்த மலையின் இயற்கையா, கம்பெனியின் இயற்கையா? அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

காய்வதும் வேவதும்

ஊட்டியில் பானை செய்வதில் உண்மையான கஷ்டம் காய வைப்பதுதான். அப்புச்சி வீட்டு வாசலில் சித்திரையில் இரண்டு நாளில் காய்வது இங்கே இரண்டு வாரம் ஆனாலும் ஈரம் போகாது. ஜூனிலிருந்து ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. சரி, மழை விட்டது என்று மார்கழியில் வெளியே வைத்தால் உறைபனி! களிக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி விரிந்து, காலையில் பார்த்தால் எருமை உதிரி மண்ணாகக் கிடக்கும். ஐரோப்பாவில் செங்கல்காரர்கள் இதே குணத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். தோண்டிய களியைக் குளிர்காலம் முழுவதும் வெளியே கொட்டி வைப்பார்கள். உறைபனியே கட்டியை உடைத்துக் கொடுத்துவிடும். பிசைவதற்கு முன்னால் உறைபனி நண்பன், பிசைந்த பிறகு எதிரி.

போன மாதம் ஒரு கோத்தர் ஊரில் வயதான ஒரு பாட்டியிடம் என் வில்லையைக் காட்டினேன். பதினெட்டு நாள் நிழலில் காய்ந்தது. வெள்ளை பூத்து, தட்டினால் சத்தம் வந்தது. அவர் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "தம்பி, மேல காஞ்சிருக்கு. உள்ள இன்னும் காயலை" என்று திருப்பிக் கொடுத்தார். நானும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. உள்ளே ஈரம் இருக்கும் வரை அது மேலே வந்து ஆவியாகும்; ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; அதனால் குளிரும். லேபில் இதைக் கண்டுபிடிக்க 105 முதல் 110 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் வைத்து, எடை போட்டு, கணக்குப் போட வேண்டும். பாட்டிக்கு ஒரு நொடி.

ஈரத்தோடு வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கவே அந்த வில்லையையும் நன்றாகக் காய்ந்த வேறு நாலு வில்லையையும் ஒன்றாகத் தீயில் வைத்தேன். ஈர வில்லை பட்டாசு மாதிரி வெடித்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் இங்கே சுமார் 92 டிகிரியிலேயே கொதிக்கும் (ஹாஸ்டல் சாதம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம் என்கிறார் சமையல்காரர்!). ஆகவே நீராவியும் இங்கே சீக்கிரமே கிளம்புகிறது. முதல் ஒரு மணி நேரம் புகை மட்டும் வர வேண்டும், ஜுவாலை கூடாது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் விந்தை. ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் களிமண் கனிமத்தின் உள்ளே பிணைந்திருக்கும் நீரும் வெளியேறத் தொடங்குகிறது. 600 டிகிரிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். இது நடக்கும் வரை பானை வெறும் காய்ந்த மண். தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி சேறு. நடந்த பிறகு அது மண்ணாகத் திரும்பவே முடியாது. நடுவில் 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அதனால்தான் சூளையை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. காற்று நன்றாகப் புகுந்தால் இரும்பு சிவப்பாகும். கடைசியில் தழையும் சாணமும் போட்டு மூச்சடைத்தால் கறுப்பாகும். எனக்கு எருமை கறுப்பாக வேண்டும்.

விறகு பற்றி ஒரு வார்த்தை. கற்பூர மரத்துச் சுள்ளி எண்ணெய்ப் பசையால் பக்கென்று பிடித்து ஜுவாலை விடும், ஆரம்பத்துக்கு ஆகாது. சீகை மரம் நிதானமாக எரியும். அடியில் வறட்டி, மேலே சீகை, சுற்றிலும் காய்ந்த புல், அதன் மேல் பழைய ஓட்டுச் சில்லு. கற்பூர மரத்தைக் கடைசி அரை மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒன்பது மூடிகள் என் அறை அலமாரியில் காய்கின்றன. ஆறில் எருமை, இரண்டில் மயில், ஒன்றில் என்னவென்று நண்பர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். தினமும் காலையில் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறேன். ரூம்மேட் சிரிக்கிறான். உறைபனி விட்டதும் பிப்ரவரி கடைசி ஞாயிறு சூளை போடுகிறோம். வறட்டி கொண்டுவர அப்புச்சி ஒத்துக்கொண்டார். அம்மாவும் வருகிறார், அந்தப் பாட்டியின் ஊருக்குப் போய்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். சீகை விறகு சுமக்க நாலு பேர் தேவை. வர விரும்புகிறவர்கள் சிவில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பெயர் கொடுக்கலாம்; பழைய ஸ்வெட்டர் போட்டு வரவும், புகை நாற்றம் போக ஒரு வாரம் ஆகும்.